ராமாயி அக்கா தொலைந்துபோகாத நாள்

ராமாயி அக்காவை நான் தொலைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கோயா கடைவீதியில் இன்னும் இரண்டு மூன்று பேர் என் காதுபடவே, "சீமைக்குக் கூட்டிட்டுப் போயி அந்த மனுசியத் தொலைச்ச டீச்சர் இவங்கதான்" என்று சொல்லித் திரிகிறார்கள். தொலைந்த மனுஷி போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, என் சமையலைக் குறை சொல்லிவிட்டு எப்படிப் போனாராம்? நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால்தான் இவர்கள் வாய் அடங்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு மாநாடு. நடந்த இடமோ உலகத்தின் மறுகோடி. கரிபியன் கடலில் குராசோ என்று ஒரு தீவு, அதில் வில்லெம்ஸ்டாட் என்று ஒரு பழைய துறைமுகப் பட்டணம். மலையகத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் போக வேண்டும், மொழிபெயர்க்க இன்னொருத்தி கூடப் போக வேண்டும். ராமாயி அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, முப்பது வருஷமாகக் கூடை சுமந்தவர், கூட்டத்தில் எழுந்து பேசப் பயப்படாதவர். அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஒரே காரணத்துக்காக என்னையும் கூட அனுப்பினார்கள்.

அக்காவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு, நீ எந்த நாட்டுக்காரி என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்று அதை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நீங்களே வச்சுக்குங்க டீச்சர். ஏங்கிட்ட இருந்தா வெத்தலப் பையில கெடந்து கசங்கிப் போயிரும்."

ஆக, புறப்பட்டதிலிருந்து இரண்டு பேருடைய கடவுச்சீட்டும் என் கைப்பையில்தான் இருந்தன.

ஹட்டன் ஸ்டேசனுக்கு அவருடைய கணவர் கறுப்பையா அண்ணன் வழியனுப்ப வந்திருந்தார். பேசவே பேசாத மனிதர். ரயில் புறப்படும்போது மட்டும் ஜன்னல் பக்கம் வந்து, "டீச்சர், இவளுக்கு வாய்தான் நீளம். வழி கிழி ஒன்னும் தெரியாது. கைய மட்டும் விட்டுறாதீங்க" என்றார். விடமாட்டேன் அண்ணே என்று பெரிதாகச் சொன்னேன். ரயில் அடுத்த ஸ்டேசனான றொசல்லவைத் தாண்டுவதற்குள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்புறம் எத்தனை விமானம் மாறினோம், எங்கெங்கே காத்துக் கிடந்தோம் என்பதெல்லாம் எதற்கு? போய்ச் சேர்ந்தோம்.

முதல் நாள் காலைச் சாப்பாட்டில் பாண் ரொட்டியும் மஞ்சள் நிறத்தில் சீவிய கட்டியும் வைத்தார்கள். "சவுக்காரத்தச் சீவி வச்சிருக்காங்க டீச்சர்" என்றார் அக்கா. குளிக்கிற சவுக்காரம் இல்லை, சீஸ் என்று சொல்லியும் நம்பவில்லை. இரண்டாம் நாள் மாநாட்டில் அவர் எழுந்து, பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற தாய்க்கு மார் கட்டிக்கொள்ளும் வலியைப் பற்றிப் பேசினார். வரிக்கு வரி நான் மொழிபெயர்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அக்கா திரும்பி, "எதுக்கு எந்திரிக்கிறாங்க, முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள்தான் ஊர் சுற்றிக் காட்டும் நாள். வழிகாட்டியின் பெயர் ஊபர்ட். நல்ல உயரம், நல்ல கறுப்பு, சிரித்தால் ஒரு தங்கப் பல் தெரியும். மடக்கிய மஞ்சள் குடை ஒன்றை எந்நேரமும் தூக்கிப் பிடித்திருந்தார். துறைமுகத்தின் ஒரு கரையில், பெரிய மரம் நிற்கிற சதுக்கத்தில் எங்கள் பஸ் நின்றது. எங்களை வரிசையாக நிற்கவைத்து, விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பெரட்டு எடுக்கிறாரு டீச்சர்!" என்று என் விலாவில் இடித்தார். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை ஓரிடத்தில் சேர்த்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. ஊபர்டின் விரல் தன் பக்கம் வந்ததும் அக்கா நிமிர்ந்து நின்று, "ராமாயி!" என்று சதுக்கமே திரும்பிப் பார்க்கும்படி குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஊபர்ட் சிரிக்கவில்லை. குடையைத் தாழ்த்தி வணக்கம் வைத்தார். அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று.

அந்தப் பட்டணம் இரண்டு கரையிலும் இருக்கிறது. நடுவில் கப்பல் போகும் ஆழமான நீர்வழி. இரு கரைக்கும் நடுவே ஒரு மிதக்கும் பாலம், வரிசையாகக் கட்டிய தோணிகள் மேல் பலகை அடித்த பாலம். கப்பல் வந்தால் பாலம் முழுசும் ஒரு வேலிப் படலைக் கதவைப் போல ஓரமாகத் திறந்துகொள்ளுமாம். நடக்கும்போது காலடியில் மெல்ல ஆடுகிறது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். ஐம்பது இறாத்தல் கொழுந்தோடு சறுக்குப் பாறையில் இறங்கிப் பழகிய அக்கா விசுக் விசுக்கென்று முன்னால் போனார். நான் பின்னாலேயே ஓடியதில், பலகை இடுக்கில் மாட்டி என் செருப்பு வார் அறுந்தது. அன்றைய சனியன் அங்கேதான் தொடங்கியது.

மறுகரையில் வீடுகள் மஞ்சள், நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறித்தன. முன்னொரு காலத்து ஆளுநருக்கு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் தலைவலி வந்ததாம், அதனால் எல்லோரும் வர்ணம் அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாராம். ஊபர்ட் சொன்ன கதையை அக்காவுக்குச் சொன்னேன்.

"எங்க தொரைக்கும் அப்பிடி ஒரு தலவலி வரணும் டீச்சர். நாங்க குடியிருக்கிற லயத்துக்குச் சுண்ணாம்பாவது அடிப்பாரு."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஊபர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும், மேடம் ராமாயி என்ன சொல்கிறார் என்று கேட்காமல் அவர் நகரவில்லை.

ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்குள் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்து அப்படியே நிற்கிறது. ஏதோ ஆங்கிலக் கப்பல் சுட்டதாம். இதே ஒல்லாந்தர்தான் நம் நாட்டுக் காலிப் பட்டணத்திலும் கோட்டை கட்டினார்கள் என்று நான் பெருமையாக ஆரம்பித்தேன். அக்கா குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா எடுத்துப் பூசாம விட்டிருக்காங்களே. எங்க கூரத்தகரம் மாதிரியே ஆயிப்போச்சு இவங்க பொழப்பும்" என்று உச்சுக் கொட்டினார்.

யூதர்களின் பழைய கோவிலில் தரை முழுக்க மணல் பரப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியும் அக்கா வாசலிலேயே கழற்றிவிட்டார். மறைந்து வாழ்ந்த காலத்தில் காலடிச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க முன்னோர்கள் மணல் போட்டார்கள் என்று ஒரு காரணம் சொன்னார் ஊபர்ட். அதைக் கேட்டதும் அக்கா வெளியே வரும்வரை அடி மேல் அடி வைத்துத்தான் நடந்தார். தோட்டக் கந்தோர் ஏட்டில் பதிவில்லாத ஆட்களாக ஒளிந்து வாழ்ந்த உறவுகள் அவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

அடுத்து மிதக்கும் சந்தை. வெனிசுவேலாவிலிருந்து வந்த படகுகள் கரையோரம் வரிசையாக நின்றன. படகுக்கு முன்னால் சீலையைக் கூரையாகக் கட்டி, வாழைப்பழம், மாம்பழம், மீன் என்று பரப்பியிருந்தார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, அதுவரை அவரவர் இஷ்டப்படி சுற்றலாம் என்றார் ஊபர்ட். நான் ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து சலித்துப்போயிருந்தேன். எதிரே ஒரு செருப்புக் கடை தெரிந்தது. நீரோரம் இருந்த பெஞ்சில் அக்காவை உட்காரவைத்து, "இங்கேயே இருங்கக்கா, அசையக் கூடாது, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். கறுப்பையா அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிஷம் என் நினைவிலேயே இல்லை.

கடைக்காரர் ஆமை மாதிரி ஆள். ஒரு சோடி எடுக்க ஒரு யுகம், அதைத் திரும்ப வைக்க இன்னொரு யுகம். நடுவில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. எங்கேயோ மணி அடித்தது. நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புதுச் செருப்போடு வெளியே வந்தேன். பெஞ்சில் ஆள் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. மீன் பார்க்கப் போயிருப்பார் என்று படகு படகாகப் பார்த்தேன். இல்லை. சந்தையின் இரண்டு கோடிக்கும் நடந்தேன். இல்லை. "ராமாயி அக்கா!" என்று கத்தினேன். ஒரு கிளி பதிலுக்குக் கத்தியது. மாதாவே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கடவுச்சீட்டு, ஒரு முகவரித் துண்டு, ஒரு வார்த்தை அந்த ஊர்ப் பேச்சு, எதுவுமே அவரிடம் இல்லை. நன்றி சொல்ல "டங்கி" என்று ஒரு சொல் மட்டும் கற்றிருந்தார். அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எங்கே போக முடியும்? பிடித்து நீ யார் என்று கேட்டால் எதைக் காட்டுவார்? நாற்பத்தைந்து வருஷம் காகிதம் இல்லாமல் பட்டதெல்லாம் போதாதென்று, கிடைத்த காகிதத்தை நான் என் பையில் வைத்துக்கொண்டு அவரைத் தெருவில் விட்டிருக்கிறேன்.

ஊபர்டிடம் ஓடினேன். அவர் பதறாமல், "ஊர் சின்னது, கிடைத்துவிடுவார்" என்றார். "உங்களுக்குச் சின்ன ஊர், அவருக்கு அப்படியா?" என்று சீறினேன். பாவம், என்ன செய்வார். தான் கோட்டைப் பக்கம் பார்ப்பதாகச் சொல்லி, குடையை ஆட்டிக்கொண்டே ஓடினார்.

வாழைப்பழக்காரர் ஒருவரிடம் என் சேலையைக் காட்டி, அக்காவின் சேலை பச்சை என்பதற்கு ஒரு மாங்காயைக் காட்டி, கொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாலம் இருக்கும் பக்கம் கை நீட்டினார்.

பாலத்தடிக்குப் போனால் பாலம் இல்லை! முழுசும் விலகி எதிர்க்கரையோரமாகப் போய் நின்றது. அது இருந்த இடத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல், எங்கள் தேயிலை ஃபெக்டரி நாலைந்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்தில், அசைந்து அசைந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. கயிற்றுத் தடுப்பருகே நின்ற ஒருவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் நினைவுபடுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நீளத் துணி கட்டிய பெண்ணா? பாலத்தில் பார்த்தேனே. மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவர் ஓடவில்லை. பாலம் அசையத் தொடங்கியபோதும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். அப்புறம் பார்க்கவில்லை."

அப்புறம் பார்க்கவில்லையாம். தண்ணீரை எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, ஆழமாக, கப்பல் கிளப்பிய அலையோடு கிடந்தது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில்கூட நின்று குளிக்கமாட்டார், செம்பால் மொண்டுதான் ஊற்றிக்கொள்வார். அங்கே இருந்த கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாலம் திறந்திருக்கும்போது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போக ஒரு படகு ஓடுகிறது. கப்பல் முழுசாகக் கடக்கும்வரை அதுவும் கிளம்பவில்லை. அந்தக் கப்பலுக்கு முடிவே கிடையாதா என்று இருந்தது. ஒருவழியாகப் படகில் ஏறினேன். ஐந்து நிமிஷம்கூட இல்லாத அந்தப் பயணத்தில் என் மனம் செய்த வேலையை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கறுப்பையா அண்ணனிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். "அசையாதீங்கன்னு அத்தன தடவ சொன்னேண்ணே. கேக்காம அவங்களாத்தான் எந்திரிச்சுப் போனாங்க." மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் தப்பு அக்காவுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

கரை நெருங்கியது. பெரிய மரம் தெரிந்தது. மரத்தடியில் ஒரு பச்சை.

படகு நிற்பதற்குள் குதித்தேன். காலையில் பெரட்டு எடுத்த அதே இடத்தில், கையோடு கொண்டுவந்திருந்த ஸ்வெட்டரை மடித்துப் போட்டு, அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அக்கா. பக்கத்தில் கடலை விற்கும் பெண்மணி ஒருத்தி. இவர் தமிழில் சொல்ல, அவள் அவளுடைய பாஷையில் சொல்ல, இருவரும் தலையாட்டித் தலையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். வாயைத் திறக்க எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"எங்க போனீங்க டீச்சர்? சங்கு ஊதி எம்புட்டு நேரமாச்சு! ஒரு ஆளக் காணோம். ஒங்களையும் காணோம், அந்தக் கொடக்காரரையும் காணோம்!"

"என்ன சங்கு?"

"மத்தியானச் சங்குதான். ஊருக்கே கேக்குற மாதிரி ஊதுச்சே, ஒங்க காதுல விழலயா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் மத்தியானம் சங்கு ஊதினால், எந்த மலையில் எந்த நிரையில் நின்றாலும் கையை எடுத்துவிட்டு, ஆள் சேரும் இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். முப்பது வருஷமாக அக்காவின் கால் அப்படித்தான் நடந்திருக்கிறது. கப்பல் ஊதியிருக்கிறது, அக்கா எழுந்திருக்கிறார், பெரட்டு எடுத்த இடத்துக்கு நேர்வழியில் திரும்பியிருக்கிறார். பாலம் நகர்ந்ததைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. "நான் பாட்டுக்கு நடந்தேன், அது பாட்டுக்கு நவுந்துச்சு. இந்தப் பக்கத்து முனைதான் நவுராம நின்னுச்சே. எறங்கிட்டேன்" என்றார்.

"அசையாதீங்கன்னு சொன்னேனேக்கா!" என்று கத்தினேன்.

"சொன்னீங்க. சங்கு ஊதுற வரைக்குந்தான டீச்சர்? அதுக்கப்புறமும் மலையில ஒக்காந்திருந்தா ஊர் சிரிக்காதா?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தது. சதுக்கத்தில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடலைக்காரி ஒரு பொட்டலம் கடலையை என் கையில் திணித்தாள். அக்கா அவளுக்கு என் சார்பில் "டங்கி" சொன்னார்.

பாலம் மறுபடி மூடிய பிறகு, அக்காவின் கையைப் பிடித்தபடிதான் கடந்தேன். ஊபர்ட் வியர்த்து விறுவிறுத்து எதிரே வந்தார். அக்காவைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவரே எங்களைச் சாப்பிடக் கூட்டிப்போனார். பழைய சந்தைக் கட்டடத்துக்குள் பெண்கள் பெரிய பெரிய பானையில் சமைக்கிறார்கள். நீள மேசையில் எல்லோரும் தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆட்டிறைச்சிக் குழம்பும், சோளமாவைக் கிண்டி உருட்டிய ஒன்றும் வந்தன. அக்கா விரலால் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். கண் விரிந்தது.

"டீச்சர், களி! இது நம்ம களி!"

மூன்று நாளாகச் சவுக்காரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார். வெண்டிக்காய்ச் சாறும் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது. உயிர் போய் உயிர் வந்தவளுக்கு வரும் பசி இருக்கிறதே, அதற்கு எவ்வளவு போட்டாலும் போதவில்லை. வெளியே காற்று அடித்துக்கொண்டே இருந்தது. காலில் புதுச் செருப்பு கடித்தது. அதுகூடச் சுகமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவே மெதுவாகக் கேட்டேன். "அங்க தனியா ஒக்காந்திருந்தப்ப பயமா இல்லியாக்கா?"

"எனக்கென்ன பயம்? ஒங்கள நெனச்சுத்தான் பயம்" என்றார் அக்கா. "சின்னப் பொண்ணு, வெளியூரு, எங்க மாட்டிக்கிட்டீங்களோன்னு. நீங்க வராமப் போயிட்டா டிக்கோயாவுல ஒங்க அம்மா மொகத்துல எப்பிடி முழிக்கிறது, என்னான்னு சொல்றதுன்னு ரோசன பண்ணிக்கிட்டே இருந்தேன்."

கையில் எடுத்த களியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "என்ன சொல்லலாம்னு இருந்தீங்க?"

"சொல்றதுக்கு ஒன்னும் ஆம்புடல டீச்சர். எதச் சொன்னாலும் பெத்தவளுக்கு ஆறுமா? அதுனால ஊருக்கே போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க வர்ற வரைக்கும் இந்த ஊர்லயே கெடக்கலாம். அந்தக் கடலக்காரி வீட்டுல படுக்க எடம் கேட்டுக்கிட்டிருந்தேன், அப்பத்தான் நீங்க வந்தீங்க."

இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எங்க வீட்டுக்காரருக்கு என்ன சொல்லலாம்னு இருந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

படகில் கட்டிய வாக்கியம் அப்படியே நாக்கு நுனியில் இருந்தது. "ஒன்னும் நெனைக்கலக்கா" என்றேன்.

"அதான, நீங்க எப்பிடி நெனைப்பீங்க" என்று என் தட்டில் மிச்சமிருந்த களியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

கைப்பையைத் திறந்து, அவருடைய கடவுச்சீட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எதுக்கு டீச்சர், கசங்கிப் போயிருமே என்றார். கசங்கினால் கசங்கட்டும் என்றேன்.